பழைய சொகுசு செடான் வாங்குவது: தோட்டப்புற ஊரிலிருந்து ஓர் ஒப்பீடு

பழைய வாகனச் சந்தையில் ஒரே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவரின் முன்னே, ஒன்றோடொன்று பொருந்தாத நான்கைந்து வண்டிகள் வந்து நிற்கும். 2015, 2016-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் சி-கிளாஸ், அதே காலத்து பி.எம்.டபிள்யூ 3 சீரீஸ், அவற்றைவிட இரண்டு மூன்று வயது மூத்த இ-கிளாஸ் அல்லது 5 சீரீஸ், மின்னேற்றியும் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் வகைகள், லெக்சஸ் இ.எஸ். 250 ஆகியவற்றின் விலைகள் பல நேரங்களில் அருகருகேதான் இருக்கின்றன. கோலாலம்பூரில் வசிப்பவர் இவற்றுள் எதை எடுத்தாலும் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் வசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. இங்குள்ள பட்டறைக்காரர்கள் உள்நாட்டுத் தயாரிப்புகளான மைவி, சாகா, பிக்கப் வண்டியான ஹைலக்ஸ், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் ஜெர்மானிய வண்டியின் கணினியைப் படிக்கும் முறையான கருவியும் அது சொல்வதைப் புரிந்துகொண்டு வேலை செய்பவரும் வேண்டுமென்றால், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே எந்த வண்டி அழகு, எது வேகம் என்பதைவிட, எந்த வண்டியில் எது முதலில் பழுதாகும், அதை யார் எங்கே சரிசெய்வார், அதற்கு முன்பு செய்யப்பட்டவற்றுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் பெரியதா, சிறியதா என்ற கேள்வியைத் தீர்த்துக்கொள்ளலாம். பத்து வயதைக் கடந்த இ-கிளாஸும் 5 சீரீஸும் விலையில் இறங்கிவிட்டாலும், அவற்றின் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. புதிதாக மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விற்ற வண்டிக்கு, அந்த விலைக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும் விளக்கும் கம்ப்ரஸரும்தான் இன்றும் பொருந்தும். காற்றுத் தொங்கல் அமைப்பு (ஏர் சஸ்பென்ஷன்) உள்ள வண்டியாக இருந்தால், ஒரு காலை நிறுத்திய இடத்தில் முன்பக்கம் தாழ்ந்து கிடப்பதைப் பார்க்கும் நாள் வரும். அன்று ஆகும் செலவு ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையைத் தொட்டாலும் வியப்பதற்கில்லை.

சாலை வரியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடானுக்கு இயந்திரத்தின் கொள்ளளவை வைத்தே வரி கணக்கிடப்படுகிறது. 1,991 சி.சி. கொண்ட மெர்சிடிஸுக்கு ஆண்டுக்கு 375 வெள்ளி 50 சென், 1,998 சி.சி. கொண்ட பி.எம்.டபிள்யூவுக்கு 379 வெள்ளி. ஆறு சிலிண்டர் ஆசையில் 2,979 சி.சி. வண்டியை எடுத்தால் அது 2,077 வெள்ளி 50 சென்னாகவும், 3,498 சி.சி. கொண்ட பழைய 3.5 லிட்டர் மெர்சிடிஸுக்கு 4,371 வெள்ளியாகவும் ஏறிவிடுகிறது. அத்தகைய வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கு இந்த வரியே ஒரு காரணம் என்பதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை.

பலர் கவனிக்காமல் விடுவது காப்புறுதியில் உள்ள ஒரு விதி. விபத்துக்குப் பிறகு பழைய வண்டிக்குப் புதிய அசல் உதிரிப்பாகம் போடும்போது, அந்தப் பாகத்தின் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும். வண்டியின் வயது ஐந்தானால் 15 விழுக்காடு, அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐந்து ஐந்து விழுக்காடாகக் கூடி, பத்து வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு. மைவியில் இதைப் பெரிதாக உணர மாட்டோம். தானாகத் திரும்பும் எல்.இ.டி. விளக்கு இரண்டும் உடைந்த இ-கிளாஸில் 40 விழுக்காடு என்பது பல ஆயிரம் வெள்ளி. சில காப்புறுதி நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு இந்தப் பங்கை விலக்கித் தருகின்றன. வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே காப்புறுதி முகவரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், ஒரே விலையில் நிற்கும் பெரிய பழைய வண்டியைவிடச் சிறிய, வயது குறைந்த வண்டியே இந்த ஊருக்குப் பொருத்தம் என்பது என் முடிவு. திருமணத்தில் மாப்பிள்ளையை அழைத்துவரப் பெரிய பென்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சிறியவற்றுள் சி-கிளாஸா, 3 சீரீஸா என்பது ரசனையைப் பொறுத்தது என்று சொல்வார்கள். பாதி உண்மைதான், மீதிப் பாதி இயந்திரத்தின் எண்ணில் இருக்கிறது. 2012 முதல் விற்ற, எஃப்30 எனக் குறிக்கப்படும் தலைமுறை 3 சீரீஸின் 320ஐ வண்டியில் முதலில் வந்தது என்20 இயந்திரம். வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் அதன் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் காலப்போக்கில் நொறுங்கி, துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் விழுவதும், கவனிக்காமல் விட்டால் இயந்திரமே போய்விடுவதும் உலகெங்கும் அறியப்பட்ட குறை. 2015-இன் இறுதியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு அதே 320ஐ பெயரில் பி48 என்ற வேறு இயந்திரம் பொருத்தப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் விளக்கிலும் பம்பரிலும் சிறு வேறுபாடுகள் மட்டுமே தெரியும். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே தோற்றம், விலையிலும் சிறு வித்தியாசம்தான்; ஆனால் பி48 உள்ள வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. எட்டு வேக கியர்பாக்ஸ் ஜெட்.எஃப். நிறுவனத்தின் தயாரிப்பு, உறுதியானது. அதன் எண்ணெயை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லி அந்நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

டபிள்யூ205 எனக் குறிக்கப்படும் தலைமுறை சி-கிளாஸ் 2014-இல் வந்தது. பகாங், பெக்கானில் பொருத்தப்பட்ட சி200 வண்டிகளே நம் சாலைகளில் அதிகம் தென்படுகின்றன. அதன் 2.0 லிட்டர் எம்274 இயந்திரத்தில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் பகுதியில் கசியும் எண்ணெய் மின்கம்பிகளுக்குள் ஊறிச் செல்வதும், குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பும்போது கேம்ஷாஃப்ட் சரிசெய்யும் பற்சக்கரம் ஓரிரு நொடி கடகடப்பதும் தெரிந்த குறைகள். அதற்கு முந்தைய டபிள்யூ204 வகையில் இருந்த எம்271 இயந்திரத்தில் செயின் நீள்வது இதைவிடப் பெரிய தொல்லை என்பதால், விலை எவ்வளவு குறைந்தாலும் செயின் மாற்றிய ரசீது இல்லாத டபிள்யூ204-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். 2018 புதுப்பிப்புக்குப் பிந்தைய சி200, 1,497 சி.சி. இயந்திரமும் 48 வோல்ட் மின் உதவியும் கொண்டது. சாலை வரி 90 வெள்ளிதான் என்பது கண்ணைக் கவரும், ஆனால் அந்த 48 வோல்ட் அமைப்பைப் பழுதுபார்க்கக்கூடிய வெளிப் பட்டறைகள் இன்னும் குறைவு.

ஓட்டத்தில் 3 சீரீஸ் கெட்டியானது, சி-கிளாஸ் மென்மையானது. நம் ஊரில் இதைத் தீர்மானிப்பது ரசனையைவிடச் சாலை. பி.எம்.டபிள்யூவின் ரன்-ஃபிளாட் டயர் காற்றிறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும். மாற்றுச் சக்கரம் வண்டியில் இருக்காது. தோட்டத்துச் செம்மண் பாதையில் கூரான கல் பக்கவாட்டில் கிழித்துவிட்டால், அந்த அளவு டயர் பக்கத்துக் கடையில் கிடைக்காது. தோட்டத்துக்குள் அன்றாடம் போய்வரும் வீட்டுக்காரருக்கு மென்மையான ஓட்டத்துக்காகவே சி-கிளாஸ் சற்று மேல், அதிலும் 17 அங்குலச் சக்கரம் உள்ள வண்டி. எதை எடுத்தாலும் முன்சக்கரக் கட்டுப்பாட்டுக் கைகளின் (கண்ட்ரோல் ஆர்ம்) ரப்பர் புஷ்களைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

பிளக்-இன் ஹைபிரிட் வகைகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சி350இ, 330இ ஆகிய இரண்டும் வரிச் சலுகையால் இந்நாட்டில் நிறைய விற்றன. இப்போது அதே ஆண்டு சாதாரண வகையைவிடப் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கின்றன. சி350இ-யின் மின்கலம் 6.2 கிலோவாட் மணி; புதிதாக இருந்தபோதே தொழிற்சாலை சொன்ன மின் ஓட்டம் 31 கிலோமீட்டர். பத்து வயது மின்கலத்தில், ஏர்கானும் ஓடிக்கொண்டிருக்க, அந்த மின்சாரத்தில் ஈப்போ வரை போகலாம் என்று எண்ண வேண்டாம். உத்தரவாதம் முடிந்த பிறகு மின்கலம் கெட்டால் மாற்றும் செலவு ஐந்து இலக்கத்தில் வரும். மலிவு விலையின் காரணம் அதுதான்.

லெக்சஸ் இ.எஸ். 250 இந்த வரிசையில் சேராத விருந்தாளி போலத் தெரியலாம். டர்போ இல்லாத 2,494 சி.சி. இயந்திரம், ஆறு வேக கியர்பாக்ஸ், முன்சக்கர இயக்கம். ஓட்டுவதில் பரபரப்பு ஒன்றும் கிடையாது. சாலை வரி 874 வெள்ளி, ஜெர்மானிய 2.0 லிட்டர் வண்டிகளைப் போல இரு மடங்குக்கு மேல். ஆனால் அந்த இயந்திரம் அக்காலத்து கேம்ரி 2.5-இல் இருந்ததே. கேம்ரியைப் பிரித்துப் பார்த்த எந்தப் பட்டறைக்காரரும் இதற்குப் பயப்பட மாட்டார். ஆண்டுக்குக் கூடுதலாகச் செலுத்தும் ஐந்நூறு வெள்ளியைச் சாலை வரி என்று நினைக்காமல் நிம்மதிக்கான கட்டணம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே இறக்குமதியாகும் ரீகான் வண்டிகள் தனி விவகாரம். உள்ளே புத்தம் புதிதாக மின்னும். உள்நாட்டு முகவரின் உத்தரவாதமும் பராமரிப்புப் பதிவும் இருக்காது. ஜப்பானிய ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்துத் தரும் ஏலத்தாளை விற்பனையாளர் காட்டும் நகலோடு நிறுத்தாமல், சேசிஸ் எண்ணை வைத்துத் தனியே சரிபார்க்க வேண்டும். '2019/2022' என்று விளம்பரத்தில் இருந்தால் முதல் எண் தயாரித்த ஆண்டு, இரண்டாவது இங்கே பதிவான ஆண்டு. வயதைக் கணக்கிட முதல் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய அலைவரிசைக்கு அமைந்த வானொலியை மாற்றியமைக்காவிட்டால் தமிழ் வானொலிகளான மின்னலும் ராகாவும் பல இடங்களில் கேட்காது என்பது சிறு குறைதான், ஆனாலும் வாங்கிய மறுநாளே வீட்டில் முதலில் எழும் புகார் அதுவாகத்தான் இருக்கும்.

வண்டியைவிட முதலில் தாள்களைப் பார்க்க வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா, வங்கியின் உரிமைக்கோரல் இன்னும் நீங்காமல் இருக்கிறதா, எத்தனை கை மாறியிருக்கிறது என்பவற்றைச் சரிபார்த்த பிறகே பராமரிப்புப் பதிவுக்குப் போக வேண்டும். மெர்சிடிஸின் பராமரிப்புப் பதிவு கணினியில் ஏற்றப்படுவது. அதிகாரபூர்வ சேவை மையத்தில் உரிமையாளர் கேட்டால் அச்சிட்டுப் பெற முடியும். எஃப்30 போன்ற எஃப் வரிசை பி.எம்.டபிள்யூவில் திரையிலேயே பராமரிப்பு வரலாற்றைக் காணலாம். "அண்ணே, மீட்டரைப் பாருங்க, அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று விற்பவர் சொல்லும்போது, மீட்டரைப் பார்ப்பதோடு பிரேக் மிதியின் ரப்பரையும், ஸ்டீயரிங் தோலின் மேல்பகுதியையும், ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க விளிம்பையும் பார்க்க வேண்டும். ஏறி இறங்கும்போதெல்லாம் உடல் உரசும் அந்த விளிம்பு நைந்து, தோல் வெடித்து, மிதியின் வரிகள் அழிந்து வழவழப்பாகிக் கிடந்தால் அறுபதாயிரத்தை நம்புவது கடினம். ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமன்றி வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும் என்பதால், ஈப்போவில் நூறு இருநூறு வெள்ளி கொடுத்து ஸ்கேன் செய்தால் முரண்பாடு வெளிப்பட வாய்ப்புண்டு. பழுதுக் குறியீடுகளை முந்தைய நாள் அழித்துவிட்டு வண்டியைக் காட்டியிருந்தால், தானே சோதித்துக்கொள்ளும் அமைப்புகள் 'முடிவடையவில்லை' என்று ஸ்கேனரில் நிற்கும். அழிக்கப்பட்டதற்கு அதுவே சாட்சி. குறைபாடுள்ள டகாட்டா நிறுவனக் காற்றுப்பையை மாற்றித்தரும் அழைப்பு அந்த சேசிஸ் எண்ணுக்கு உண்டா, உண்டென்றால் மாற்றியாயிற்றா என்பதையும் கேட்டுவிட வேண்டும். டபிள்யூ204-உம் பழைய 3 சீரீஸும் அந்தப் பட்டியலில் இருந்தவை.

பிறகு வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் உலு லங்காட்டிலும் மூழ்கிய வண்டிகளை நாம் எல்லோரும் படங்களில் பார்த்தோம். பல ஜெர்மானிய செடான்களில் மின்கலமும் சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பின்பெட்டியின் அடியிலும் கம்பளத்தின் கீழும் இருப்பதால், முழங்கால் அளவு தண்ணீர் போதும் அவற்றைக் கெடுக்க. இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துக் கடைசி ஒரு முழத்தைப் பார்க்க வேண்டும். வழக்கமாக வெளியே வராத அந்தப் பகுதியில் சேற்றுக் கறைக் கோடு தெரிந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பின்பெட்டியின் தரைப்பலகையைத் தூக்கி மூலைகளில் விரலை விட்டுப் பார்க்கலாம். இருக்கையின் கீழுள்ள மஞ்சள் நிறக் காற்றுப்பை இணைப்பின் உலோகத்தில் பச்சை பூத்திருப்பதும் அதே கதையைத்தான் சொல்லும்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே கேட்க வேண்டும். வருவதற்கு முன் கிளப்பி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மூன்று நொடிகளில் வரும் கடகடப்பு, சூடேறிய பிறகு ஒருபோதும் கேட்காது. ஏர்கானை மிகக் குளிரில் வைத்து அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்விப்பான் கசிந்தால், பாகத்தின் விலையைவிட அதை அடைய முழு டாஷ்போர்டையும் கழற்றும் கூலியே அதிகம். கூரைத் துணி தொங்குகிறதா என்பதையும் விரலால் அழுத்திப் பார்க்கலாம், நம் வெயிலுக்கு ஐரோப்பியப் பசை தாக்குப்பிடிப்பதில்லை. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு டயரும் வெவ்வேறு பிராண்டாக இருந்தால் முந்தைய உரிமையாளர் மற்றவற்றிலும் அப்படித்தான் சிக்கனம் பிடித்திருப்பார்.

ஓட்டிப் பார்க்க நம் பகுதியைவிட நல்ல சாலை அமையாது. ஈப்போ உத்தாரா நுழைவாயிலில் நெடுஞ்சாலையில் ஏறி, ஜெலாப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் அந்த நீண்ட ஏற்றத்தில் கியர்பாக்ஸ் தயங்குகிறதா, இழுவை குறைகிறதா, வெப்பநிலை நகர்கிறதா என்று பார்க்கலாம். சுரங்கத்துக்கு அப்பால் வரும் இறக்கத்தில் பிரேக்கை அளவாக அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் தட்டுகள் வளைந்திருக்கலாம். கோலகங்சாரில் இறங்கி, பழைய சாலை வழியாகச் சுங்கை சிப்புட் வரும்போது, லாரிகள் நொறுக்கிப் போட்ட தார்ச் சாலையில் வானொலியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, கீழிருந்து வரும் சத்தங்களைக் கேட்க வேண்டும். விற்பவர் பேசிக்கொண்டே வந்தால், மரியாதையாகச் சற்று நேரம் பேசாமல் இருக்கச் சொல்லலாம்.

வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையின் வேலை வண்டியின் அடையாளத்தையும் அடிப்படைப் பாதுகாப்பையும் உறுதிசெய்வது. செயின் நீண்டிருக்கிறதா, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அது சொல்லாது. கடன் வழியே வாங்கினால் பி7 சோதனையும் வரும், முன்பணம் குறைந்தது 10 விழுக்காடு வேண்டும். வங்கி வண்டிக்குப் போடும் மதிப்பு விற்பவர் கேட்பதைவிடக் குறைவாக இருந்தால் இடைவெளியையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்பதால், விலையின் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியே ஒதுக்கிய பிறகு மிஞ்சும் தொகையை வைத்தே பேரத்தைத் தொடங்குவது சரி.

வீட்டில் இந்த ஒரு வண்டிதான் என்றால், பிள்ளைகளின் பள்ளியும் பெற்றோரின் மருத்துவமனையும் அதை நம்பியே இருக்கும் என்றால், லெக்சஸை எடுப்பேன். உதிரிப்பாகத்துக்காக ஒரு வாரம் பட்டறையில் படுத்துக்கிடக்கும் வண்டியை அந்த வீடு தாங்காது. ஏற்கெனவே ஒரு மைவியோ பெஸ்ஸாவோ நிற்கும் வீடாக இருந்தால், முழுப் பராமரிப்புப் பதிவோடு வரும் பி48 இயந்திர 320ஐ முதலாவது. தோட்டப் பாதையில் அடிக்கடி போக வேண்டியிருந்தால் அதே இடத்தில் சி200. இ-கிளாஸையும் 5 சீரீஸையும் மேற்சொன்ன ஒதுக்கீட்டை இரு மடங்காக்க முடிந்தவர்கள் பார்க்கலாம். முன்பதிவுப் பணம் கொடுக்கும்போது, ஈப்போவில் நாம் தேர்ந்தெடுக்கும் பட்டறையில் சோதித்து, குறை கண்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை ரசீதிலேயே எழுதி, விற்பவரின் கையெழுத்தும் நிறுவன முத்திரையும் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த வரியை எழுத மறுக்கும் விற்பனையாளரிடம் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்த கடைக்குப் போய்விடலாம்.